ஸ்டீவ் புளூமர்: ஆட்டமும் ஊதியமும்

விளையாட்டானது உடலுக்கு உரத்தையும் உள்ளத்துக்கு ஊக்கத்தையும் அளிப்பது என்பதை மறுப்பார் ஒருவரும் இலர். ஆயின், அவ்விளையாட்டையே ஒருவன் தன் தொழிலாகக் கொண்டு, அதனால் வரும் ஊதியத்தால் மனைவி மக்களைக் காப்பானாயின், அவன் ஆடுவது விளையாட்டாகுமா, அன்றி வெறுங் கூலி வேலையாகுமா என்னும் வினா எழுகின்றது. பணத்துக்காக ஆடுவோனிடத்தில் ஆட்டத்தின்மீது அன்பு இராது என்றும், வெற்றியின் பொருட்டு அவன் எதனையும் செய்யத் துணிவான் என்றும், ஊதியம் புகுந்த இடத்தினின்றும் நேர்மை வெளியேறும் என்றும் கூறுவோர் முன்னும் இருந்தனர்; இன்றும் உளர்.

இவ்வினா இங்கிலாந்து தேசத்தில் ஒரு காலத்தில் பெரும் பூசலை விளைத்தது. அப்பூசல் ஒருவாறு தணிந்து, ஊதியம் பெற்று ஆடுதல் விதிக்கு உட்பட்டதான ஏழு ஆண்டுகளில் களம் புகுந்தவர் ஸ்டீவ் புளூமர் என்பார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆடிப் புகழ் பெற்ற அவருடைய வாழ்க்கை, மேற்கூறிய வினாவுக்குத் தக்கதொரு விடையாக நமக்குத் தோன்றுகின்றது. ஆதலின் அவர் வரலாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஊதிய ஆட்டம் தோன்றிய வகை

காற்பந்தாட்டத்துக்குப் பொது விதிகளை வகுக்கும் நோக்குடன் இங்கிலாந்தின் காற்பந்துச் சங்கம் 1863-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் நிறுவப்பெற்றது. தொடக்கத்தில் அவ்வாட்டம் பெரும்பாலும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் கற்கும் பெரிய பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பயின்ற கனவான்களின் கையில் இருந்தது. அவர்கட்கு ஓய்வும் உண்டு, பொருட்கவலையும் இல்லை. ஆதலின் ஆட்டத்துக்குக் கூலி பெறுதல் இழிவு என்று அவர்கள் கருதியது வியப்பன்று.

பின்னர், தொழிற்சாலைகளில் சனிக்கிழமை பிற்பகல் விடுமுறை வழக்கத்துக்கு வரவே, லங்காஷயர் முதலிய வடபகுதிகளிலும் இங்கிலாந்தின் நடுப்பகுதியிலும் வாழ்ந்த தொழிலாளர் அவ்வாட்டத்தைப் பேரார்வத்துடன் மேற்கொண்டனர். 1882-ஆம் ஆண்டில் சங்கக் கோப்பையை வென்றவர்கள் ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்கள். மறு ஆண்டிலேயே அவர்களை இறுதி ஆட்டத்தில் 2-க்கு 1 என்னும் கணக்கில் வென்று கோப்பையைக் கொண்டு சென்றது, நெசவாலைத் தொழிலாளரும் பிற கைத்தொழிலாளரும் அடங்கிய பிளாக்பர்ன் ஒலிம்பிக் அணி. அன்று முதல் ஆட்டத்தின் தலைமை கனவான்களின் கையினின்றும் நழுவத் தொடங்கிற்று.

ஆயினும் தொழிலாளிக்கு ஓர் இடர் இருந்தது. அவன் வெளியூர் சென்று ஆடுவதற்காக வேலையை விட்டால், அன்றைய கூலியை இழப்பான். அடிபட்டுக் கிடந்தால் அடுப்பெரியாது. ஆகவே கழகங்கள் அவனுக்கு மறைவிற் பொருள் கொடுத்தன. 1884-ஆம் ஆண்டில் பிரஸ்டன் நார்த் எண்ட் கழகத்தின்மீது இதுபற்றி முறையீடு எழுந்தபோது, அக்கழகத்தை நடத்திய வில்லியம் சடெல் என்பார், தம் ஆட்டக்காரர் பொருள் பெறுவதை ஒளியாது ஒப்புக்கொண்டார். அதனால் அக்கழகம் அவ்வாண்டுக் கோப்பைப் போட்டியினின்றும் நீக்கப்பெற்றது. எனினும் உண்மை வெளிப்பட்டுவிட்டது. பல கழகங்கள் ஒன்றுகூடிச் சங்கத்தை விட்டே பிரிந்துவிடும் நிலை உண்டாகவே, 1885-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஊதிய ஆட்டத்தைச் சங்கம் சில கட்டுப்பாடுகளுடன் ஏற்றுக்கொண்டது. மனமுவந்து செய்ததன்று, தடுக்க இயலாமையாற் செய்ததாகும்.

ஊதியம் கொடுப்பதாயின் வாரந்தோறும் தவறாது ஆட்டம் நடைபெற்று வருவாய் வருதல் வேண்டுமன்றோ? அதன் பொருட்டு 1888-ஆம் ஆண்டில் 12 கழகங்கள் சேர்ந்து காற்பந்து லீக் என்னும் போட்டி முறையை ஏற்படுத்தின. அப்பன்னிரண்டில் ஒன்று டெர்பி கவுண்ட்டி கழகம். புளூமரின் புகழ் அக்கழகத்தோடு பிரிக்க இயலாதவாறு இணைந்ததாகும்.

பிறப்பும் இளமையும்

ஸ்டீவன் புளூமர் 1874-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 20-ஆம் நாள் வூஸ்டர்ஷயரைச் சார்ந்த கிராட்லி என்னும் ஊரிற் பிறந்தார். நிலக்கரிப் புகையாலும் இரும்புலைகளின் கரியாலும் கறுத்து, கறுப்பு நாடு என்றே பெயர் பெற்ற பகுதியில் உள்ளது அவ்வூர். சங்கிலி செய்தலும் இரும்பு காய்ச்சுதலும் அங்குள்ளார் தொழில். புளூமரின் தந்தையாரும் இரும்பு வேலை செய்பவரே. சிறுவர் ஐந்து வயதினராய் இருந்த காலத்தில் குடும்பம் டெர்பி நகருக்குக் குடிபெயர்ந்தது. மிட்லண்ட் ரெயில்வேயின் பெரிய தொழிற்கூடங்களும் வார்ப்பாலைகளும் நிறைந்த அந்நகரில் உழைப்பாளிக்கு வேலை கிடைத்தல் எளிதாயிருந்தது.

புளூமர் உரிய வயதில் தந்தையார் தொழிலையே பின்பற்றி, கொல்லுலைக்களத்திற் சம்மட்டி அடிப்பவராய் அமர்ந்தார். ஓய்ந்த நேரங்களில் உள்ளூர்ச் சிறுவர் அணிகளில் பந்தாடினார். அவர் கோல் அடிக்குந் திறம் பற்றிய செய்தி டெர்பி கவுண்ட்டி கழகத்தார் செவிக்கு எட்டிற்று. 1892-ஆம் ஆண்டில் அவரை வாரம் 7 ஷில்லிங் 6 பென்ஸ் ஊதியத்துக்கு அவர்கள் அமர்த்திக்கொண்டனர். அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில், தம் பதினெட்டாம் வயதில், ஸ்டோக் அணியை எதிர்த்து அவர் முதன்முதல் லீக் ஆட்டத்திற் களம் இறங்கினார்.

அக்கழகத்தில் அப்போது ஜான் குடால் என்னும் மூத்த ஆட்டக்காரர் இருந்தார். பிரஸ்டன் நார்த் எண்ட் அணி 1888-89 பருவத்தில் ஓராட்டத்திலும் தோலாமல் லீக் முதன்மையை வென்றபோது, அவ்வணியின் தூண்களுள் ஒருவராய் விளங்கியவர் அவர். களத்தில் நல்லொழுக்கமும் அமைதியும் உடையவர் எனப் பெயர் பெற்றவர். இளைஞராகிய புளூமரைத் தம் பக்கத்தில் நிறுத்தி, பந்தை எப்போது பிறருக்குக் கொடுப்பது, எப்போது தானே கொண்டு செல்வது என்பவற்றைப் பயிற்றினார். கல்வியிலாயினும் கைத்தொழிலிலாயினும் ஆட்டத்திலாயினும், நல்லாசிரியன் ஒருவன் வாய்ப்பது பெரும் பேறேயாகும்.

ஆட்டத்திறம்

புளூமரைக் கண்டோர் முதற்கண் அவரை ஆற்றலுடையவர் என்று மதித்திருக்க மாட்டார்கள். மெலிந்த உடலும் நடுத்தர உயரமும் வெளுத்த முகமும் உடையவர். அம்முகத்தின் வெளுப்புப் பற்றியே அவருக்குச் செல்லப் பெயரும் வழங்கிற்று. அவர் நின்ற இடம் முன்னணி ஐவருள் வலப்புற உள்ளாட்டக்காரர் இடம்.

அவர் திறத்தை அளவிட வேண்டுமாயின், அக்கால விதிகளை நாம் சிறிது உணர்தல் வேண்டும். இக்காலத்தில், முன்னின்று பந்தை ஏற்பவனுக்கும் எதிரியின் கோல் எல்லைக்கும் இடையே எதிரணியினர் இருவர் இருப்பின் போதும். அக்காலத்திலோ மூவர் இருத்தல் வேண்டும். இருவரே இருப்பின் அது ஆப்ஸைடு என்னும் குற்றமாகும். இவ்விதி 1925-ஆம் ஆண்டு வரை மாறவில்லை. ஆதலின் தடுப்பவர் இருவருள் ஒருவர் சிறிது முன்னே வந்து நின்றாலும் முன்னணியினர் குற்றத்துள் அகப்படுவர். கண்ணிமைப் பொழுது முந்தினாலும் குற்றம்; பிந்தினாலோ வாய்ப்பு நழுவும். பந்தும் தோலினால் தைத்து வார் கொண்டு கட்டப்பெற்றது. மழை நீரில் ஊறினால் கல்லெனக் கனக்கும்.

இத்தகைய இடர்களுக்கிடையே புளூமர் கோல் அடித்த முறை தனித்தன்மை வாய்ந்தது. பந்து தம்மிடம் வந்தபின் அதை நிறுத்தி, நிலைபெறுத்தி, குறிபார்த்து அடிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. வந்த பந்தை வந்தவாறே, இரு கால்களுள் எது அண்மையில் உள்ளதோ அதனால், தாழ்வாகத் தரையை ஒட்டிச் செல்லுமாறு வேகமாய் அடிப்பார். கோல் காப்பவர் அவர் கால் அசைவதைக் காணுமுன் பந்து கோலுக்குள் இருக்கும். பக்கத்தில் நிற்பவருக்குப் பந்தை நெடுந்தூரம் பிளந்து கொடுக்குந் திறமும் அவருக்கு உண்டு.

முதற் பிரிவில் ஒரு பருவத்தில் மிகுதியான கோல்களை அடித்தவர் என்னும் சிறப்பை அவர் 5 முறை பெற்றார். டெர்பி கவுண்ட்டி கழகத்துக்காக மட்டும் 525 ஆட்டங்களில் 332 கோல்கள் அடித்தார். லீக் ஆட்டங்களில் அவர் அடித்த கோல்களின் முழுத்தொகை 352 ஆகும்.

இவ்வளவு திறம் இருந்தும் பெரிய வெற்றிகள் அவர் கழகத்தைத் தேடி வரவில்லை என்பதும் கருதத்தக்கது. 1895-96 பருவத்தில் டெர்பி கவுண்ட்டி லீக்கில் இரண்டாம் இடமே பெற்றது. 1898-ஆம் ஆண்டுக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நாட்டிங்காம் பாரஸ்ட் அணியிடம் 3-க்கு 1 எனவும், 1899-இல் ஷெபீல்டு யுனைட்டெட் அணியிடம் 4-க்கு 1 எனவும் தோற்றது. 1903-இல் மூன்றாம் முறை இறுதி ஆட்டத்தை எய்தியபோது, காயத்தினால் புளூமர் ஆட இயலாது போயிற்று. அன்று பரி அணி டெர்பியை 6 கோல்களால் வென்றது. பரிசு பெற்றவனே சிறந்தவன் என்னும் கணக்கு எப்போதும் சரியாகாது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

தேசத்துக்காக ஆடியமை

1895-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், டெர்பி நகரிலேயே நடைபெற்ற அயர்லாந்து ஆட்டத்தில், புளூமர் முதன்முதல் இங்கிலாந்து அணியில் ஆடி இரண்டு கோல்கள் அடித்தார். மறு ஆண்டில் கார்டிப் நகரில் வேல்ஸ் அணியை இங்கிலாந்து 9-க்கு 1 என வென்றபோது, அவ்வொன்பதில் ஐந்து புளூமர் அடித்தவை. தேசத்துக்காக அவர் ஆடிய முதற் பத்து ஆட்டங்களுள் ஒன்றிலேனும் கோல் அடிக்காமற் போனதில்லை. 1907-ஆம் ஆண்டு வரை 23 ஆட்டங்களில் 28 கோல்கள் அடித்தார். அக்கணக்கை 1911-ஆம் ஆண்டில் விவியன் உட்வர்டு கடக்கும் வரை அதனை விஞ்சிய ஆங்கிலேயர் இலர்.

இங்கு நாம் குறிப்பிட வேண்டுவது ஒன்றுண்டு. இங்கிலாந்து அணியின் நடுமுன்னணியில் அக்காலத்தில் நின்றவர் ஜி. ஓ. சிமித் என்னும் கனவான். சார்ட்டர்ஹவுஸ் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்திலும் பயின்றவர். கூலி பெறாமல் ஆடும் கொரிந்தியர் கழகத்தைச் சார்ந்தவர். அவருக்கு வலப்புறம் நின்றவரோ கொல்லுலைக்களத்திற் சம்மட்டி பிடித்த புளூமர். ஒருவர் ஆட்டத்துக்குப் பொருள் பெறாதவர். மற்றவர் ஆட்டத்தினாலேயே உண்பவர். ஆயினும் களத்தில் இருவரும் ஒருவரையொருவர் நன்குணர்ந்து ஆடினர். சிமித் கொடுத்த பந்து, வாங்குபவன் கூலிக்காரனா கனவானா என்று கேட்டுச் செல்லவில்லை. சபைகளில் அறிவுடையோர் வாதிட்டுத் தீர்க்க மாட்டாத வினாவை அவ்விருவர் கால்களும் ஒரு பிற்பகலில் தீர்த்துவைத்தன என்று கூறலாம்.

விலையும் வரம்பும்

ஊதியம் பெற்று ஆடினவர் செல்வத்தில் மிதந்தனர் என்று எண்ணுதல் தவறு. 1893-ஆம் ஆண்டு முதல் லீக் கழகங்கள் ஒரு வழக்கத்தை நிலைநாட்டின. அதன்படி, ஒருவனது ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும், பழைய கழகத்தின் இசைவின்றி அவன் வேறு லீக் கழகத்தில் ஆட இயலாது. கழகம் விரும்பினால் அவனை வைத்துக்கொள்ளும். விரும்பினால் விலை கூறி மற்றொரு கழகத்துக்குக் கொடுக்கும். நெசவாளி ஓர் ஆலையை விட்டு மற்றோர் ஆலைக்குப் போகலாம். கொல்லன் ஓர் உலைக்களத்தை விட்டு மற்றொன்றை நாடலாம். பந்தாடுபவனுக்கு மட்டும் அவ்வுரிமை இல்லை.

இதன்மேல் 1901-02 பருவம் முதல் மற்றொரு கட்டுப்பாடும் சேர்ந்தது. எத்துணைத் திறமுடையவனாயினும் ஓர் ஆட்டக்காரனுக்கு வாரம் 4 பவுனுக்கு மேல் ஊதியம் கொடுத்தலாகாது. வெற்றிப் பரிசாகவும் ஒன்றும் தருதலாகாது என்று விதிக்கப்பெற்றது. நான்கு பவுன் என்பது அக்காலக் கைத்தொழிலாளிக்குப் பெருந்தொகையே. ஆயினும், கோல் அடிப்பதில் தேசத்தில் ஒப்பற்றவனும் நேற்றுச் சேர்ந்த இளைஞனும் ஒரே வரம்புக்கு உட்பட்டனர். ஆட்டத்தைக் காண நுழைவுக் கட்டணம் செலுத்திய பல்லாயிரவர் தந்த பொருளோ கழகத்தையே சார்ந்தது.

1906-ஆம் ஆண்டில் டெர்பி கவுண்ட்டி கழகம் பொருள் முட்டுப்பாட்டினால் வருந்தி, புளூமரை 750 பவுனுக்கு மிடில்ஸ்பரோ கழகத்துக்கு மாற்றிக் கொடுத்தது. டெர்பி நகரத்தார் பெரிதும் வருந்தினர். அத்தொகை, உயர்ந்த வரம்பாகிய வாரம் 4 பவுன் கணக்கில், ஓர் ஆட்டக்காரனது மூன்றரை ஆண்டு ஊதியத்துக்கும் மேற்பட்டது. ஆயினும், கழகம் மாறுவதன் பொருட்டு விதி அவனுக்கு அனுமதித்தது 10 பவுன் மட்டுமே. மறு ஆண்டிலேயே டெர்பி முதற் பிரிவினின்றும் கீழிறங்கிற்று என்பதைக் கொண்டு, விற்றவர் இழந்தது யாது என்பதை அறியலாம்.

நான்கு ஆண்டுகள் மிடில்ஸ்பரோவில் ஆடியபின், 1910-ஆம் ஆண்டில் புளூமர் டெர்பிக்குத் திரும்பினார். வயது 36 ஆகியும் அவர் கால்களின் திறம் குன்றவில்லை. 1911-12 பருவத்தில் டெர்பி இரண்டாம் பிரிவில் முதன்மை பெற்று மீண்டும் மேலேறிற்று. 1914-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 40 வயதை எட்டிய வேளையில், அவர் லீக் ஆட்டத்தினின்றும் ஓய்வு பெற்றார்.

இக்கட்டுப்பாடுகளை எதிர்த்து ஆட்டக்காரர் வாளா இருந்தனர் அல்லர். 1898-ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு தொழிற்சங்கம் நிறுவினர். அதன் செயலாளர் ஜான் கேமரன் என்னும் ஸ்காத்லாந்தியர். அச்சங்கம் சில ஆண்டுகளில் மறைந்தது. 1907-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் பில்லி மெரடித், சார்லி ராபர்ட்ஸ் முதலியோர் முயற்சியால் இரண்டாவது சங்கம் எழுந்து நிலைபெற்றது. ஆயினும் ஊதிய வரம்பு நீங்கியது 1961-ஆம் ஆண்டிலேதான். ஒப்பந்தம் முடிந்தவனைக் கட்டிவைக்கும் வழக்கம் நேர்மையற்றது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்ததோ 1963-ஆம் ஆண்டில். புளூமர் காலத்தவர் எவரும் அதன் பயனை நுகரவில்லை.

ரூலேபன் சிறைமுகாம்

ஆடி ஓய்ந்தபின் பிழைக்கும் வழி யாது? சேமிப்போ சிறிது, ஓய்வூதியமும் இல்லை. ஆகவே பல ஆட்டக்காரர் ஐரோப்பாக் கண்டத்துக்குச் சென்று பயிற்சியாளராயினர். புளூமரும் 1914-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஜெர்மனியின் தலைநகராகிய பெர்லினுக்குச் சென்று பிரிட்டானியா என்னும் கழகத்திற் பயிற்சியாளராய் அமர்ந்தார். சில வாரங்களுக்குள் பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் போர் மூண்டது. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் ஜெர்மனியில் இருந்த பிரிட்டிஷ் குடிமக்களாகிய ஆடவர் சிறைப்படுத்தப்பெற்றனர். அவர்களை வைத்த இடம், பெர்லினுக்கு மேற்கே ஸ்பாண்டாவை அடுத்த ரூலேபன் என்னும் குதிரைப் பந்தய மைதானம்.

நாலாயிரவர்க்கு மேற்பட்டோர் அங்கு அடைபட்டனர். வணிகரும் மாலுமிகளும் மாணவரும் இசைவாணரும் அவர்களுள் இருந்தனர். குதிரை லாயங்களே அவர்கள் உறைவிடம். ஒரு குதிரை நிற்கும் அறையில் ஆறு பேர் படுத்தனர். மற்றையோர் வைக்கோல் அடுக்கும் மேற்பரணில் ஒடுங்கினர். குளிரும் சேறும் பசியும் ஒருபுறம். விடுதலை எப்போது என்பது அறியாமையால் எழும் மனச்சோர்வு மறுபுறம். உடலின் நோயினும் அம்மனச்சோர்வே கொடிது.

அச்சோர்வை வெல்ல அவர்கள் கண்ட வழி, ஒவ்வொருவனும் தான் அறிந்ததைப் பிறருக்குப் பயன்படுத்துவதாயிற்று. கற்றவர் பள்ளிக்கூடம் நடத்தினர். நாடகமும் இசையும் நூல்நிலையமும் தோன்றின. பிற்காலத்தில் நியூட்ரான் என்னும் அணுத்துகளைக் கண்டறிந்து 1935-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற ஜேம்ஸ் சாட்விக் அங்கு இளைஞராய்ச் சிறையிருந்தார். கிடைத்த பொருள்களைக் கொண்டே சோதனைகள் நடத்தினார். அவரோடு பழகியதனால் சார்லஸ் எல்லிஸ் என்னும் படைப்பயிற்சி மாணவர் போர்த்தொழிலை விட்டுப் பௌதிக நூலில் இறங்கி அறிஞரானார்.

பந்தாட்டக்காரரும் தம் கடனைச் செய்தனர். முன்னே தொழிற்சங்கச் செயலாளராய் இருந்தார் என்று நாம் குறித்த ஜான் கேமரனும், மிடில்ஸ்பரோவில் புளூமருடன் ஆடிய பிரெட் பெண்ட்லண்டும், வேறு சிலரும் அங்கே கைதிகளாய் இருந்தனர். முகாமுக்கெனவே ஒரு காற்பந்துச் சங்கம் நிறுவி, பெண்ட்லண்டைத் தலைவராகவும் கேமரனைச் செயலாளராகவும் கொண்டு, கொட்டிலுக்கு ஓர் அணி வீதம் போட்டிகள் நடத்தினர். பெரிய ஆட்டங்களைக் காண ஆயிரவர்க்கு மேற்பட்ட கைதிகள் கூடினர். நாற்பது கடந்த புளூமரும் அவர்களுடன் ஆடினார். கோடையில் கிரிக்கெட்டும் ஆடினார்.

இங்கே நாம் சிறிது நின்று எண்ணுதல் வேண்டும். ரூலேபன் களத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை. வாரம் நான்கு பவுனும் இல்லை. ஊதியம் ஒன்றே அவரை ஆடச் செய்தது என்பது உண்மையாயின், அங்கு அவர் பந்தைத் தொட்டிருக்க வேண்டுவதில்லை. ஆயினும் இங்கிலாந்தின் பல்லாயிரவர் முன் ஆடிய அதே கால்கள், முள்வேலிக்குள் வாடிய கைதிகள் முன்னும் ஆடின. முன்பு ஊதியம் அவரை உலைக்களத்தினின்றும் விடுவித்து, நாள் முழுதும் தம் கலையைப் பயில வகைசெய்தது. அவ்வாறு பயின்ற கலை இப்பொழுது ஊதியமின்றியே பிறர்க்குப் பயன்பட்டது. 1918-ஆம் ஆண்டில் அவர் முகாமை விட்டு நீங்கியபோது, அவரைச் சிறப்பித்து ஓர் ஆட்டம் நடத்திக் கைதிகள் விடைகொடுத்தனர். அவர் பெற்ற பரிசுகள் எல்லாவற்றினும் இதுவே உயர்ந்தது என்று நாம் கருதுகின்றோம்.

பிற்காலம்

முகாமினின்றும் நெதர்லாந்து சென்று ஆம்ஸ்டர்டாம் நகரில் சிறிது காலம் பயிற்சியளித்தபின், போர் முடிவில் அவர் தாயகம் சேர்ந்தார். 1923-ஆம் ஆண்டில் ஸ்பெயின் தேசத்தின் எல்லை நகராகிய இரூனுக்குச் சென்று ரியால் யூனியன் கழகத்துக்குப் பயிற்சியாளரானார். மறு ஆண்டில் அச்சிறு நகரின் அணி, இறுதி ஆட்டத்தில் ரியால் மாட்ரிட் அணியை 1 கோலால் வென்று அந்நாட்டு அரசர் கோப்பையைக் கைப்பற்றிற்று. ஆட்டக்காரராய் இருந்தபோது அவருக்கு எட்டாத கோப்பை வெற்றி, ஆசிரியராய் இருந்தபோது மாணவர் வாயிலாகக் கிட்டிற்று. அவருடைய முகாம் தோழர் பெண்ட்லண்டும் ஸ்பெயினில் பில்பாவோ அணியைப் பயிற்றிப் பெரும்புகழ் எய்தினார்.

பின்னர் டெர்பிக்கு மீண்ட புளூமர், தாம் ஒரு காலத்திற் புகழ் விளைத்த பேஸ்பால் மைதானம் என்னும் களத்திலேயே கழகத்தின் பொதுப்பணிகளைச் செய்து காலங் கழித்தார். முன்பு அவர் வரவுக்காக ஆரவாரித்த மேடைகளைச் சுற்றி எளிய பணியாளராய் நடமாடினார். அதனை அவர் இழிவாகக் கருதவில்லை. ஆயினும், தேசத்துக்காக 28 கோல் அடித்த ஒருவர்க்கு முதுமையில் அதனினும் உறுதியான ஆதரவு வாய்க்காதது அக்கால ஏற்பாட்டின் குறையேயன்றி அவர் குறையன்று. உடல்நலம் குன்றியபோது அன்பர்கள் பொருள் சேர்த்து அவரை ஆஸ்திரேலியாவுக்கும் நியூஸிலாந்துக்கும் கப்பற்பயணம் செய்வித்தனர். திரும்பிய சில வாரங்களில், 1938-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 16-ஆம் நாள், தம் 64-ஆம் வயதில் அவர் டெர்பியில் காலமானார். எட்டாண்டு கழித்து, 1946-இல், டெர்பி கவுண்ட்டி சங்கக் கோப்பையை வென்றது.

பழைய களம் இப்பொழுது இல்லை. கழகம் 1997-ஆம் ஆண்டில் புதிய அரங்குக்குக் குடிபெயர்ந்தது. ஆயினும் அப்புதிய அரங்கில், ஆடுகளத்தின் ஓரத்தில், 2009-ஆம் ஆண்டில் புளூமரின் மார்பளவுச் சிலை நிறுவப்பெற்றது. ஆட்டத்தை அவர் பார்த்துக்கொண்டிருக்கின்றார் என்னும் கருத்துடைய பாட்டு ஒன்றும் அக்கழகத்தார்க்கு உரியதாய் வழங்குகின்றது.

நாம் அறியத்தக்கன

இவ்வரலாற்றினால் நாம் அறியத்தக்கன மூன்று. முதலாவது, ஊதியம் பெறுதல் ஒரு கலையை இழிவுபடுத்தாது. ஆசிரியன் ஊதியம் பெறுகின்றான்; மருத்துவன் ஊதியம் பெறுகின்றான்; அதனாற் கல்வியும் மருத்துவமும் கறைபடுவதில்லை. கறை உண்டாவது ஊதியத்தினால் அன்று, கடமையை மறத்தலினால் ஆகும்.

இரண்டாவது, ஒருவன் திறத்தைக் கண்டு மகிழ்வோர் அவன் வாழ்வைப் பற்றியும் எண்ணக் கடமைப்பட்டவர். கை தட்டுதல் எளிது. தட்டிய கைகள் வீடு திரும்பியபின் அவன் என் செய்வான் என்று கேட்பது அரிது. புளூமர் காலத்து ஆட்டக்காரர் உரிமைக்காகப் போராடியது ஆட்டத்தைக் கெடுப்பதற்கன்று; ஆடுபவனும் மனிதனே என்பதை நிலைநாட்டுவதற்கேயாம்.

மூன்றாவது, பயின்ற திறம் எதுவும் வீண்போவதில்லை. கொல்லுலைக்களத்துச் சிறுவன் பயின்ற ஆட்டம், பிற்காலத்தில் நாலாயிரவர் அடைபட்ட முகாமில் சோர்ந்த உள்ளங்களுக்கு மருந்தாயிற்று. கல்லூரியில் நாம் பயிலும் நூலறிவாயினும் மாலையில் ஆடும் ஆட்டமாயினும், எங்கே, எவர்க்கு, எந்நாளில் உதவும் என்று நாம் முன்னறிய மாட்டோம். முன்னறிய மாட்டோம் ஆதலின், ஒவ்வொன்றையும் முழு மனத்தோடு பயிலுதலே நம் கடனாகும்.